'உங்க பேர் என்னங்க?': 22 எபிசோடில் கடையைக் கட்டிய அமெரிக்காவின் 'இந்திய' காமெடி!

'ஹலோ, என் பெயர் மைக். உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?' என்று நடுராத்திரியில் அமெரிக்க இங்கிலீஷில் பேசிவிட்டு, விடிந்ததும் முருகனாக வீடு திரும்பிய ஒரு தலைமுறை நம் ஊரில் உண்டு. 2000-களில் கால் சென்டர் வேலைக்குப் போனவர்களில் பலருக்கு இது பழக்கப்பட்ட வாழ்க்கை. அந்த வாழ்க்கையை வைத்து அமெரிக்க டிவி சேனல் ஒன்று காமெடித் தொடர் எடுத்தது. ஒரே சீசன், 22 எபிசோடுகள். அதற்குள் பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். அந்தத் தொடரின் பெயர் 'அவுட்சோர்ஸ்டு'.

கதை என்ன?

அமெரிக்காவின் பெரிய சேனல்களில் ஒன்றான என்பிசி, 2010 செப்டம்பர் 23 அன்று இதைத் தொடங்கியது. ஹீரோ டாட், கன்சாஸ் சிட்டிக்காரர். வேடிக்கைப் பொருட்களை போனில் ஆர்டர் எடுத்து விற்கும் கம்பெனியில் வேலை. உட்கார்ந்தால் அசிங்கமாகச் சத்தம் போடும் ரப்பர் தலையணை, நிஜம் போலவே இருக்கும் ரப்பர் வாந்தி போன்ற சமாசாரங்கள்தான் சரக்கு. ஒருநாள் ஆபீஸுக்கு வந்தால் மொத்த டீமும் காலி. ஆர்டர் எடுக்கும் வேலை மும்பைக்குப் போய்விட்டது, நீயும் அங்கே போய் மேனேஜராக இரு, இல்லையென்றால் வேலை கிடையாது என்கிறார்கள். டாட் மும்பைக்கு விமானம் ஏறுகிறார்.

டாட் வேடத்தில் பென் ராப்பபோர்ட். அவருடைய நாற்காலி மேல் கண் வைத்திருக்கும் உதவி மேனேஜர் ராஜீவாக ரிஸ்வான் மான்ஜி. ஆபீஸ் ஊழியர்களாக சச்சா தவன், ரெபெக்கா ஹேஸல்வுட், பர்வேஷ் சீனா, அனிஷா நாகராஜன். வாயைத் திறந்து பேசவே கூச்சப்படும் மாதுரியாக வரும் அனிஷாவை, நம் ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்' 2004-ல் அமெரிக்காவின் பிராட்வே மேடைக்குப் போனபோது அதன் கதாநாயகியாகப் பார்த்திருக்கலாம்.

இதே பெயரில் 2006-ல் ஜான் ஜெஃப்கோட் இயக்கிய படம்தான் தொடருக்கு மூலம். படத்தை இந்தியாவுக்கே வந்து எடுத்தார்கள். தொடருக்கு அமெரிக்காவிலேயே மும்பை செட் போட்டார்கள்.

சண்டை எங்கே ஆரம்பித்தது?

முதல் எபிசோடிலேயே! மன்மீத் என்று ஒரு இளைஞன். பஞ்சாபிகளுக்கு ரொம்பச் சாதாரணமான பெயர். ஆனால், இங்கிலீஷ் காதில் அது வேறு அர்த்தத்தில் விழுகிறது. டாட் சிரிக்கிறார். அடுத்து சாப்பாடு: கேன்டீனில் கை வைத்தால் வயிறு என்ன ஆகும் என்று ஒரு ஜோக். அப்புறம் தெருவில் மாடு, தலையாட்டல் என இந்தியா என்றதும் வெளிநாட்டுக்காரர்கள் எடுத்துவிடும் பழைய பட்டியல் வரிசையாக வருகிறது.

விமர்சகர்களில் பலர் கடுப்பானார்கள். ஒரு தேசத்தையே வயிற்றுக் கோளாறு ஜோக்காகச் சுருக்கிவிட்டார்கள் என்பது அவர்கள் கட்சி. அமெரிக்காவில் வளர்ந்த இந்தியப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கும் அதே கோபம். பள்ளிக்கூடத்தில் டிபன் பாக்ஸைத் திறந்ததும் மூக்கைப் பொத்திய சக மாணவர்களைப் பார்த்தவர்கள் அவர்கள். அதே கிண்டல் வியாழக்கிழமை இரவு டிவியிலும் வந்தால் எப்படிச் சிரிப்பு வரும்?

எதிர்க்கட்சியும் சும்மா இல்லை. அமெரிக்கத் தொடர்களில் அதுவரை இந்திய முகம் என்றால் பெரும்பாலும் டாக்ஸி ஓட்டுபவர், கடைக்காரர், ஒரு சீன் வந்துபோகும் டாக்டர். இங்கேயோ முதன்மை வேடங்களில் பாதிக்கு மேல் தெற்காசிய நடிகர்கள். காதல், பொறாமை, பதவி ஆசை, கல்யாணக் கனவு எல்லாம் அவர்களுக்கும் உண்டு. தீபாவளிக்குத் தனி எபிசோடே வைத்தார்கள். 'முதல் அடி எடுத்து வைக்கட்டும், நடை அப்புறம் சரியாகும்' என்பது இவர்கள் வாதம்.

மூன்றாவதாக ஒரு கூட்டத்துக்கு இந்தியாவைப் பற்றியே கவலை இல்லை. அப்போது அமெரிக்காவில் வேலையின்மை 9 சதவிகிதத்துக்கு மேல். சொந்த ஊரில் வேலை போனவரை உட்காரவைத்து, வேலை வெளிநாடு போன கதையைச் சொல்லிச் சிரி என்றால்? இது போதாதென்று, 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' என்ற தொடரின் மூன்றாவது சீசனை ஜனவரிக்குத் தள்ளிவைத்துவிட்டு 'தி ஆபீஸ்' தொடருக்கு அடுத்த அரைமணி நேரத்தை இதற்குக் கொடுத்தார்கள். அந்தத் தொடரின் ரசிகர்கள் பார்ப்பதற்கு முன்பே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

2011 ஜனவரியில் தொடரை இரவு பத்தரை மணிக்கு மாற்றினார்கள். மே மாதம் சீசன் முடிந்த கையோடு கடையைக் கட்டிவிட்டார்கள்.

உப்பளக் கரையிலிருந்து பார்த்தால்...

எங்கள் மரக்காணம் பக்கம் பாதிப் பேருக்கு உப்பளமும் கடலும்தான் பிழைப்பு. வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்க வேண்டும் என்பதால் விடியற்காலை இருட்டிலேயே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். என் உறவுக்கார அக்கா ஒருவர் அப்படிப்பட்ட வீட்டிலிருந்து சென்னைக்குக் கால் சென்டர் வேலைக்குப் போனவர். கன்சாஸ் சிட்டியில் காலை 9 மணி என்றால், அவர்களுடைய கோடைக்காலத்தில் இங்கே இரவு ஏழரை. அமெரிக்காவுக்கு வேலை பார்த்தால் நம் ராத்திரி அவர்களுக்குப் பகல். அக்கா ஹெட்போனைக் கழற்றும் நேரத்தில்தான் அவருடைய அப்பா உப்பு வாரும் பலகையைக் கையில் எடுப்பார். ஒரே குடும்பம், இரண்டு ராத்திரி ஷிஃப்ட்!

வேலையில் சேர்ந்ததும் முதலில் கொடுத்தது ஒரு இங்கிலீஷ் பெயர். அதற்குப் பிறகு 'ர'வை எப்படிச் சுழற்றிச் சொல்ல வேண்டும் என்று பயிற்சி. போனில் திட்டுபவர்களிடமும் சிரித்த குரலில் பேசப் பழக்கினார்களாம்.

இந்தத் தொடரின் முதல் எபிசோடை அக்காவோடு சேர்ந்து போனில் பார்த்தேன். ரப்பர் வாந்தியை வாங்க ஆள் இருக்கிறதா என்று ஊழியர்கள் திகைக்கும் காட்சியில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவரும் தலை கால் புரியாத பொருட்களுக்கு ஆர்டர் எடுத்தவராயிற்றே! மன்மீத் பெயர் ஜோக் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. தன் பெயரை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்தவருக்கு, பெயரை வைத்துச் செய்யும் கிண்டல் எங்கே குத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கூடத்தில் நடந்ததுதான் அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. ஒரே எபிசோடில் சிரிக்க வைத்த இடமும் வலித்த இடமும் உண்டு. ரப்பர் வாந்தி காட்சியில் இந்தியர்கள் அமெரிக்காவைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள், டாட் அசடு வழிகிறார். பெயர் ஜோக்கில் டாட் மட்டும் சிரிக்கிறார். மன்மீத்துக்கு அந்த ஜோக்கே தெரியாது.

கொஞ்சம் நம் வீட்டுப் பக்கமும்...

அமெரிக்காக்காரனை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. நம் படங்களிலும் டிவி காமெடியிலும் எத்தனை முறை 'நம்பள்கி நிம்பள்கி' என்று பேசும் சேட்டைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்? டீக்கடை நாயர், கூர்க்கா, சென்னை பாஷை ரிக்‌ஷாக்காரர், ஊரிலிருந்து பட்டணம் வந்து முழிக்கும் கிராமத்து ஆள் எல்லாம் நம் மன்மீத்கள்தான். இன்று நம் ஊர் ஹோட்டலில் இலை எடுக்கும், கட்டடத்தில் கல் சுமக்கும் வட மாநிலத் தம்பியின் தமிழ் ரீல்ஸில் ஜோக்காகிறது. அவர் பெயரைக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

பத்து வருடம் கழித்து...

2020 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் 'நெவர் ஹேவ் ஐ எவர்' வந்தது. உருவாக்கியவர்களில் ஒருவரான மிண்டி கேலிங்கின் அப்பா தமிழர். கதாநாயகி தேவி விஸ்வகுமார், கலிஃபோர்னியாவில் வளரும் தமிழ்ப் பெண். அந்த வேடத்துக்கு 15,000-க்கும் மேற்பட்டவர்களிலிருந்து தேர்வானவர், கனடாவில் வளர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன். 2023 வரை நான்கு சீசன், 40 எபிசோடுகள் ஓடியது.

இதிலும் சண்டை இல்லாமல் இல்லை. அம்மா பேசும் இங்கிலீஷ் உச்சரிப்பு சரியா என்பதில் தொடங்கி நிறைய விவாதம் நடந்தது. ஆனால், விநாயகர் பூஜைக்குப் புடவை கட்டிக்கொண்டு போக எரிச்சல்படுவது தேவியேதான். ஜோக் அவள் வாயிலிருந்து வருகிறது, அடுத்த நிமிடம் அவள் அம்மாவின் வாயிலிருந்து பதிலும் வருகிறது. 'அவுட்சோர்ஸ்டு' முதல் எபிசோடில் மன்மீத்துக்குக் கிடைக்காதது அந்தப் பதில்தான்.

அதற்காக 'அவுட்சோர்ஸ்டு' குப்பை என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. நம் முகங்களை வைத்து ஒரு முழு காமெடித் தொடர் எடுக்கலாம் என்று அமெரிக்காவின் ஒரு பெரிய சேனல் பரீட்சை செய்து பார்த்தது. பாதி மார்க் வாங்கியது. எந்தக் கேள்வியில் கோட்டை விட்டது என்று பார்த்தவர்கள் போட்ட சண்டையில் தெரிந்துவிட்டது.

அடுத்த முறை யாரோ ஒருவருடைய பேச்சை, பெயரை, சாப்பாட்டை வைத்து உங்கள் போனில் ஒரு காமெடி வீடியோ வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். ஃபார்வர்டு செய்வதற்கு முன் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த ஆளுக்கு அதில் ஒரு பெயரும் ஒரு பதில் வசனமும் இருக்கிறதா?