கருவில் முதிரும் மூச்சு

செம்மறியாட்டின் சூல்காலம் ஏறத்தாழ 147 நாட்கள். 117ஆம் நாளில் பிறக்கும் குட்டியால் மூச்சுவிட முடியாது. அதன் நுரையீரல் ஈரல் துண்டைப் போலக் காற்றின்றிக் கிடக்கும். ஆனால் நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து நகரில் அவ்வாறு பிறந்த ஒரு குட்டி மூச்சுவிட்டது. இதனை 1969இல் வெளியிட்டவர் கிரகாம் லிக்கின்ஸ் என்னும் மகப்பேறு மருத்துவர். அவர் தேடியதோ வேறொன்று! பிரசவ வலியைத் தொடங்கி வைப்பது எது என்று அறியவே, கருவிலிருந்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டு ஹார்மோனைச் செலுத்தினார்.

நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளின் உட்சுவரில் நீர்ப்படலம் ஒன்று உண்டு. நீரின் பரப்பு இழுவிசை அந்த அறைகளைச் சுருக்கப் பார்க்கும். ஈரமான இரு கண்ணாடித் தகடுகளைப் பிரிப்பது எவ்வளவு கடினம் என்பது நமக்குத் தெரியும். இவ்விசையைத் தணிக்க, சுவரிலுள்ள சில செல்கள் கொழுப்பும் புரதமும் கலந்த ஒரு பொருளைச் சுரக்கின்றன. குறைமாதக் குழந்தைகளுக்கு இது போதிய அளவில் இராது என்பதை 1959இல் ஏவரி, மீட் ஆகிய இருவரும் காட்டினர். 1963இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் ஆண் குழந்தை இரண்டே நாளில் இறந்ததும் இக்குறையால்தான்.

பேறுகாலம் நெருங்கும்போது, கருவின் அட்ரீனல் சுரப்பி கார்டிசாலை மிகுதியாகச் சுரக்கிறது. அது நுரையீரல் செல்லினுள் நுழைந்து, அங்குள்ள ஏற்பி என்னும் புரதத்துடன் இணைந்து, உட்கருவை அடைந்து, உறங்கிக் கிடக்கும் ஜீன்களை எழுப்புகிறது. சுரப்பு பெருகுகிறது, காற்றறைச் சுவர்களும் மெலிகின்றன. லிக்கின்ஸ் செலுத்திய ஹார்மோன் இவ்வேலையை முன்கூட்டியே செய்துவிட்டது.

மனிதருக்கும் இது பொருந்துமா? தாய்க்குக் கார்டிசாலைக் கொடுத்தால் அதன் பெரும்பகுதியை நச்சுக்கொடி செயலிழக்கச் செய்துவிடும். ஆகவே அதனைக் கடந்து செல்லும் பீட்டாமெத்தசோன் தேர்ந்தெடுக்கப்பட்டது. லிக்கின்ஸும் குழந்தை மருத்துவர் ஹோவியும் 1972இல் முடிவுகளை வெளியிட்டனர். எதிர்பாராமல் முன்னதாகவே வலிகண்ட தாய்மாரின் குழந்தைகளுள், மருந்து பெற்ற பிரிவில் மூச்சுத்திணறல் நோய் 9 சதவீதம். பெறாத பிரிவில் 25.8 சதவீதம். பிறந்த சில நாட்களில் இறந்தவை முறையே 3.2, 15 சதவீதம்.

இத்தனை தெளிவான முடிவு வந்தும் மருத்துவ உலகம் தயங்கியது. அமெரிக்காவில் இதற்குப் பரவலான பரிந்துரை கிடைத்தது 1994இல்தான். அந்த இருபது ஆண்டுகளில் இழந்த குழந்தைகள் எத்தனையோ!

ஆயினும் ஊசி மட்டும் போதாது. வசதி குறைந்த இடங்களில் இதனைப் பரவலாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்றில், குழந்தை இறப்பு குறையவில்லை. மொத்தத்தில் சற்றுக் கூடியது. தாய்மாருக்கு நோய்த்தொற்றும் மிகுந்தது. இது வெளிவந்தது 2015இல். கருவின் வயதைச் சரியாகக் கணிக்கவும், பிறந்த சிசுவைப் பேணவும் வசதியுள்ள மருத்துவமனைகளில், இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடத்தி 2020இல் வெளியான ஆய்விலோ இறப்பு குறைந்தது.