உரிமம் எதைப் பார்க்கிறது?

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். சித்தியைச் சேர்த்திருந்தோம். வரவேற்பு மேசைக்கு மேலே, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், அரசு தந்த பதிவுச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிற்று. ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். ‘டிஸ்சார்ஜ் அன்னைக்குத்தான் சார் தெரியும்’ என்றது அந்தப் பிள்ளை. அந்தச் சான்றிதழுக்கும் இந்தப் பதிலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

தனியார் மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு 1997-லேயே இயற்றிவிட்டது. ஆனால் சட்டம் நடமாட விதிகள் வேண்டும். அவை 2018-ல்தான் வந்தன. இருபத்தோரு வருஷம்! சட்டம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம், யாரையும் தொந்தரவு செய்யாமலும் இருக்கலாம். இந்த உறக்கத்தை வெறும் மறதி என்று நான் நம்பவில்லை. அதே 2018-ல் ‘தனியார்’ என்ற சொல் நீக்கப்பட்டு அரசு ஆஸ்பத்திரிகளும் சட்டத்துக்குள் வந்தன.

அரசு பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடி இருக்கிறது. நம்ம வள்ளியூர்ப் பக்கத்து ஏர்வாடி இல்லை, ராமநாதபுரத்து ஏர்வாடி. 2001 ஆகஸ்டு 6 விடியற்காலையில் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். இத்தகைய இல்லங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று 1987-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. எரிந்த பிறகுதான் அதிகாரிகள் வந்து மற்ற இல்லங்களை மூடினார்கள். ஆகவே, கண்காணிப்பு என்றாலே அதிகாரம், அது வேண்டாம் என்று நண்பர்கள் சிலர் வாதிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனாலும் உரிமம் பாதுகாப்பு மட்டும் அல்ல, தரம்பிரிக்கும் கருவியும்கூட. ‘மருத்துவமனையின் பிறப்பு’ நூலில் (1963) ஃபூக்கோ பிரான்சின் 1803-ஆம் வருஷத்துச் சட்டத்தைப் பேசுகிறார்: முழுப் படிப்புப் படித்த டாக்டர் ஒருபுறம், கிராமத்து ஜனங்களுக்குக் குறைந்த பயிற்சியோடு ஒரு ‘சுகாதார அதிகாரி’ மறுபுறம். இங்கே சட்டம் அப்படி வெளிப்படையாகப் பிரிக்கவில்லை. அம்பாசமுத்திரத்தில் இரண்டு அறையில் வைத்தியம் பார்க்கிற டாக்டரும், நகரத்து அடுக்குமாடி ஆஸ்பத்திரியும் பதிய வேண்டியதுதான். படிவத்தையும் ஆய்வையும் சமாளிக்க ஆள் வைத்துக்கொள்ள முடிந்தவர் யார் என்பது நமக்குத் தெரியாததா?

அரசின் பார்வை அறையில், படுக்கையில், பதிவேட்டில் விழுகிறது. சித்தியின் பில்லில் விழவில்லை. மத்திய அரசின் 2010-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் வந்த 2012 விதிகள், கட்டணத்தை உள்ளூர் மொழியிலும் எழுதி வைக்கச் சொல்கின்றன. தமிழ்நாடு அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. டீக்கடையில்கூட விலைப்பட்டியல் தொங்குது.

தையல் பிரிக்கப் போன அன்று அந்தப் பிள்ளையிடம், ‘சான்றிதழ் பக்கத்துல ரேட்டையும் எழுதி மாட்டலாம்லா?’ என்றேன்.

‘மாட்டலாம் சார். ஆரு சொல்லணும்?’