பெங்களூருக்கு வடதுருவம் வழியாகவா?

2021 ஜனவரி 11 அதிகாலை, சான்பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பிய ஏர் இந்தியாவின் போயிங் 777 பெங்களூருவில் இறங்கியது. கேப்டன் சோயா அகர்வால் தலைமையில், விமானிகள் அனைவரும் பெண்கள். நினைத்தாலே நெஞ்சு நிமிர்கிறது! அவர்கள் வந்தது வடதுருவத்தின் மேலாக. ஏன்?

பூசணிக்காயைப் பாருங்கள். அதன் வரிகளெல்லாம் காம்பில் கூடுகின்றன. தீர்க்கரேகைகளும் துருவத்தில் அப்படித்தான் கூடுகின்றன. இந்த இரு நகரங்களும் பூமியின் ஏறக்குறைய எதிரெதிர் வரிகளில் இருப்பதால், காம்பை ஒட்டிப் போவதே குறுக்குவழி. தட்டையான வரைபடத்தில் இது தெரியாது.

மிகக் குறுகிய தூரம் சுமார் 14,000 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பதினைந்தரை மணி நேரம். ஆனால் காற்றின் போக்கும் அனுமதிக்கப்பட்ட வான்வழிகளும் பாதையை நீட்டிவிடும். பறந்தது சுமார் 17 மணி நேரம். துருவக் குளிரில் எரிபொருள் உறையாமல் காப்பதும் விமானிகளின் பொறுப்பே.