சொந்தமாகக் கட்டிய விமானம்: கை மாறும்போது எது தொலைகிறது?

அமெரிக்காவின் சிறு விமான நிலையங்களில் நிற்கும் சில குட்டி விமானங்களுக்குள் எட்டிப் பார்த்தால், பயணியின் கண்ணில் படும்படி ஓர் எச்சரிக்கை ஒட்டப்பட்டிருக்கும். இது தனிநபர் கட்டிய விமானம், வழக்கமான விமானங்களுக்கான அரசின் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப அமைந்தது அல்ல என்பது அதன் சாரம். ஏறும் வழியில் ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்று கொட்டை எழுத்தில் இன்னொன்று. ஏறுகிறவர் தெரிந்தே ஏறட்டும் என்று சட்டமே கட்டாயமாக்கியிருக்கும் அறிவிப்புகள் இவை.

“பைக்கைப் பிரிச்சு மாட்டினாலே ரெண்டு நட்டு மிச்சமாகுது, இதுல விமானமா?” என்று சிரிக்கத் தோன்றும். ஆனால், அமெரிக்காவில் இது பல்லாயிரம் பேரின் பொழுதுபோக்கு. ஓரிகான் மாநிலத்தில் உள்ள வேன்ஸ் ஏர்கிராஃப்ட் என்ற ஒரே நிறுவனத்தின் ‘ஆர்வி’ வரிசை விமானங்கள் மட்டும் 11 ஆயிரத்துக்கும் மேல் பறந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை யாரோ ஒருவரின் கார் ஷெட்டிலோ வாடகை ஹேங்கரிலோ உருவானவை.

நிறுவனம் அனுப்புவது விமானத்தை அல்ல, பெட்டிகளை. வெட்டி, துளை போட்ட அலுமினியத் தகடுகள், ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள், ஒரு தடிமனான கையேடு. இன்ஜின், புரொப்பெல்லர், மின்னணுக் கருவிகளைத் தனியாக வாங்க வேண்டும். கட்டி முடிக்க 1,500 முதல் 2,000 மணி நேரம் ஆகும் என்பது பொதுவான கணக்கு. வார இறுதியில் 10 மணி நேரம் ஒதுக்கினாலும் மூன்று, நான்கு வருடம் ஓடிவிடும். பாதியில் நின்றுபோன கிட்டுகளும் விற்பனைக்கு வந்துகொண்டே இருப்பதில் ஆச்சரியமில்லை.

யார் அனுமதிப்பது?

அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ வைக்கும் முக்கிய நிபந்தனை, விமானத்தின் பெரும்பகுதி வேலையைத் தன் கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுகிறவர்களே செய்திருக்க வேண்டும் என்பது. பேச்சு வழக்கில் ‘51 சதவீத விதி’. அதற்கு ஆதாரமாகக் கட்டுகிறவர் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து, நாள்வாரியாகக் குறிப்பு எழுதி வைப்பார். அலுவலகத்தில் டைம்ஷீட் எழுதச் சலித்துக்கொள்பவர்கள்கூட இதை ஆசையாக எழுதுவார்கள். இந்தக் குறிப்பேடு பிறகு எவ்வளவு முக்கியமாகப்போகிறது என்பதைக் கீழே பார்க்கலாம்.

முடித்ததும் ஆய்வாளர் வந்து பார்த்து சான்று தருவார். உடனே குடும்பத்தோடு கிளம்பிவிட முடியாது. ஒதுக்கப்பட்ட வான்பகுதிக்குள், பயணி இல்லாமல் சோதனை ஓட்டம் நடக்க வேண்டும். சான்று பெற்ற இன்ஜினும் புரொப்பெல்லரும் சேர்ந்திருந்தால் 25 மணி நேரம், இல்லாவிட்டால் 40 மணி நேரம் என்பது நெடுங்கால வழக்கம்.

பிரிட்டனில் பிடி இன்னும் இறுக்கம். அங்கே லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்ற அமைப்பின் ஆய்வாளர் கட்டுமானத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்ப்பார். பிறகு செய்யும் மாற்றங்களுக்கும் ஒப்புதல் வேண்டும். இந்தியாவில் இந்த வகைக்குப் பாதை சுலபமாக இருந்ததில்லை. மும்பை காந்திவலியில் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டிய விமானி அமோல் யாதவ், அதை 2016-ல் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் வைத்தார். பறக்க அனுமதி கையில் கிடைத்தது 2019-ல்தான்.

பராமரிப்பு யார் கையில்?

தொழிற்சாலையில் தயாரான விமானத்தில், சில்லறை வேலைகள் தவிர மற்றதெல்லாம் உரிமம் பெற்ற மெக்கானிக் வழியாகத்தான் நடக்க வேண்டும். பாகமும் அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும், விலையும் அதற்கேற்ப இருக்கும். சொந்தமாகக் கட்டிய விமானத்தில் அமெரிக்கச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் ஸ்பேனர் பிடிக்கலாம். ஆனால் 12 மாதத்துக்கு ஒருமுறை முழு ஆய்வு கட்டாயம். அதில் ‘பாதுகாப்பாக இயக்கத்தக்க நிலையில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடும் தகுதி நெடுங்காலம் இருவருக்குத்தான் இருந்தது: உரிமம் பெற்ற மெக்கானிக்குக்கும், அந்த விமானத்தைக் கட்டியதற்காகப் பழுதுபார்ப்போர் சான்றிதழ் வாங்கியவருக்கும்.

இந்த வருடாந்திர ஆய்வு ஒரு நாளில் முடிவதில்லை. இன்ஜின் மூடி, தரைப் பலகை, இறக்கையின் அடியில் உள்ள சிறு மூடிகள் எல்லாம் கழற்றப்படும். டார்ச்சும், நீளமான கைப்பிடி வைத்த சிறு கண்ணாடியும் கையில் இருக்கும். எரிபொருள் குழாய் எதிலாவது உரசுகிறதா, எக்ஸாஸ்ட்டில் விரிசல் உண்டா, ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். முக்கியமான நட்டுகளை முறுக்கியதும் நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்காகப் பெயின்ட்டில் ஒரு கோடு போடுவார்கள். அடுத்த முறை பார்க்கும்போது கோடு உடைந்து விலகியிருந்தால் நட்டு அசைந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரைத் தூக்கி எறிய மாட்டார்கள். வட்டமாக வெட்டித் திறந்து, உள்ளே மடிந்திருக்கும் காகிதத்தை விரித்து வெளிச்சத்தில் காட்டுவார்கள். உலோகத் துகள் மினுக்கினால் உள்ளே ஏதோ தேய்கிறது. ரத்தப் பரிசோதனை மாதிரிதான், உடம்பு சொல்வதற்கு முன்பே அது சொல்லிவிடும். அதேபோல ஒவ்வொரு நாளும் முதன்முறை கிளம்பும் முன் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைச் சின்னக் குப்பியில் பிடித்துப் பார்ப்பார்கள். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். அது இன்ஜினுக்குள் போகும் நேரம் விமானம் மரத்தின் உயரத்தில் இருக்கலாம்.

இதையெல்லாம் கட்டியவரே செய்யும்போது ஒரு வசதி உண்டு. எந்த வயர் எந்தச் சுவருக்குப் பின்னால் போகிறது, எந்த இடத்தில் வரைபடத்தை விட்டு விலகினோம் என்பது அவருக்கு மனப்பாடம். அவர்தான் தயாரிப்பாளர், அவர்தான் சர்வீஸ் சென்டர். சிக்கல் அவர் விமானத்தை விற்கும்போது தொடங்குகிறது. பழுதுபார்ப்போர் சான்றிதழ் அவரோடே போய்விடும், வாங்கியவருக்கு மாறாது. புது உரிமையாளர் நெடுங்காலம் வருடாவருடம் மெக்கானிக்கைத் தேட வேண்டியிருந்தது. அது பணச் செலவோடு முடிந்துவிடும். மனப்பாடமாக இருந்தவை கூடவே போவதற்கு அப்படி ஒரு மாற்று இல்லை.

ஜான் டென்வரின் கடைசி ஓட்டம்

1997 அக்டோபர் 12. அமெரிக்க நாட்டுப்புற இசைப் பாடகர் ஜான் டென்வர், கலிபோர்னியாவின் மான்டெரே விமான நிலையத்திலிருந்து ‘லாங்-ஈஸி’ ரக விமானத்தில் தனியாகக் கிளம்பினார். பர்ட் ரூட்டன் வடிவமைத்து, வேறொருவர் கட்டி, டென்வர் வாங்கிய விமானம் அது. கைக்கு வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. டென்வர் கத்துக்குட்டி அல்ல, பல வருட அனுபவம் உள்ள விமானி. இந்த ரகம்தான் அவருக்குப் புதிது.

பழைய பைக்குகளில் ‘ரிசர்வ்’ திருப்ப ஒரு குமிழ் இருக்குமே, அதுபோல ஒரு டேங்கிலிருந்து இன்னொரு டேங்குக்கு மாற்றும் கைப்பிடி இந்த விமானத்தில் உண்டு. ரூட்டனின் வரைபடத்தில் அது விமானியின் கால்களுக்கு நடுவே, கண்ணெதிரே இருக்க வேண்டும். எரிபொருள் குழாய் விமானி உட்காரும் பகுதிக்குள் வரக் கூடாது என்று நினைத்த கட்டியவர், அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். தீ பயத்தில் எடுத்த முடிவு, கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் கைப்பிடியைத் திருப்ப, விமானி ஸ்டிக்கைப் பிடித்திருக்கும் வலது கையை எடுத்து, உடம்பை இடப்பக்கம் முறுக்கி, பின்னால் நீட்ட வேண்டும். எந்தப் பக்கம் எந்த டேங்க் என்ற குறிகூட அதில் இல்லை. எரிபொருள் அளவைக் காட்டும் குழாய்களும் பின்னால்தான், அளவுக் கோடுகள் இல்லாமல்.

கிளம்பும் முன் டென்வரும் அங்கிருந்த டெக்னீஷியனும் இந்தக் கைப்பிடியைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். எட்டுவதற்காகப் பூட்டிப் பிடிக்கும் குறடு ஒன்றை அதில் மாட்டிப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. பின்னால் உள்ள அளவைப் பார்க்க ஒரு கண்ணாடியும் கொடுக்கப்பட்டது. பெட்ரோல் நிரப்பட்டுமா என்று கேட்டதற்கு, ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்றார் டென்வர். கொஞ்ச நேரத்தில் விமானம் பசிபிக் குரோவ் கரையோரம் கடலில் விழுந்தது.

விபத்துகளை விசாரிக்கும் என்டிஎஸ்பி அமைப்பின் முடிவு: கைப்பிடியைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறியது, தன்னையறியாமல் வலது ரடர் பெடலை மிதித்தார், கட்டுப்பாடு போனது. உடம்பை இடப்பக்கம் திருப்பும்போது வலது கால் தானாக ஊன்றிக்கொள்ளும், நாற்காலியில் உட்கார்ந்து பின்னால் எதையாவது எடுக்க முயன்றால் யாருக்கும் புரியும். எரிபொருள் நிரப்பாதது, புது ரகத்தில் போதிய பயிற்சி பெறாதது என்று விமானியின் தவறுகளையும் அறிக்கை சொல்கிறது. கைப்பிடியை எட்டாத இடத்தில் வைத்த கட்டியவரின் முடிவையும் அதே வரிசையில் வைக்கிறது.

டென்வர் பிரபலம் என்பதால் இது பேசப்பட்டது. 2011-ல் நடந்த இத்தகைய விமானங்களின் 224 விபத்துகளை என்டிஎஸ்பி ஆராய்ந்து 2012-ல் வெளியிட்ட அறிக்கையில், பாதிக்கும் மேற்பட்டவை கட்டியவரிடமிருந்து கை மாறிய விமானங்கள். அவற்றில் 14, புது உரிமையாளரின் முதல் ஓட்டத்திலேயே நடந்தவை.

குறிப்பேட்டின் மதிப்பு 2023-ல் வேறு விதமாகவும் தெரிந்தது. வேன்ஸ் நிறுவனத்துக்காக லேசரால் துளையிடப்பட்ட சில பாகங்களில், ரிவெட் தலை பதிவதற்காகத் துளையின் ஓரத்தை அழுத்திக் குழிவாக்கும்போது விரிசல் விட்டது. அந்தப் பாகங்கள் ஏற்கெனவே பலரின் இறக்கைகளுக்குள் போய்விட்டன. எந்தப் பாகத்தை எப்போது எங்கே பொருத்தினோம் என்று எழுதி வைத்தவர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். நிறுவனம் அந்த டிசம்பரில் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் போனது. காத்திருந்தவர்கள் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதாயிற்று. 2024-ல் நிறுவனம் மீண்டு வந்தது.

கை மாறிய விமானத்தை வாங்குகிறவர்களுக்கு அனுபவசாலிகள் சொல்வது பெரும்பாலும் அலுப்பூட்டும் வேலைகள்தான். அதே ரகத்தை ஓட்டும் பயிற்சியாளரோடு சில மணி நேரம் பறப்பது. தரையில் நிற்கும்போதே கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கைப்பிடியும் எட்டுகிறதா என்று தடவிப் பார்ப்பது. அந்த ரகத்தைக் கட்டிப் பழகிய மெக்கானிக்கை வைத்து, வாங்கும் முன்பே முழு ஆய்வு செய்வது. கட்டியவர் எடுத்த படங்களையும் எழுதிய குறிப்பேட்டையும் கேட்டு வாங்குவது. முடிந்தால் அவரை ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்காரவைத்து, “வரைபடத்துல இல்லாம நீங்களா என்ன மாத்தினீங்க?” என்று கேட்டு எழுதிக்கொள்வது.