எலிச் சிறுநீரும் இரத்தத்தின் கத்தரிகளும்

மலேசியாவின் லாபிஸைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் பழம் உதிரும் இடமெல்லாம் எலி உண்டு. அதன் சிறுநீரில் வெளியேறும் லெப்டோஸ்பைரா கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். காலில் சிறு கீறல் இருந்தால் போதும், உள்ளே புகுந்துவிடும். எலிச் சிறுநீர் நோய் என்பது இதுதான். 2010-இல் மலேசியா இதைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. ஆனாலும், “எதிர்ப்புச் சக்தி இருந்தால் எதுவும் அண்டாது” என்ற பேச்சு ஓயவில்லை. அந்தச் சக்தி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், அதை நம்பி வெறுங்காலோடு நடக்க மனம் வராது.

இரத்தத்தில் ‘காம்ப்ளிமெண்ட்’ எனப்படும் நிரப்புப் புரதங்கள் முப்பதுக்கும் மேல் சுற்றுகின்றன. 56 பாகை செல்சியஸ் சூட்டில் செயலிழக்கும், கிருமியைக் கொல்லும் இவற்றின் ஆற்றலை ஆராய்ந்த பெல்ஜிய அறிஞர் ஜூல் போர்டேவுக்கு 1919-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இவற்றில் பல, உறங்கும் நொதிகள். ஒன்று வெட்டினால்தான் அடுத்தது விழிக்கும். கிருமியின் மேல் எதிர்ப்பொருள் ஒட்டியதும் சி1ஆர் விழித்து சி1எஸ்ஸை வெட்டும். சி1எஸ், சி4-ஐயும் சி2-ஐயும் வெட்டும். அந்தத் துண்டுகள் கூடி, சி3-ஐ வெட்டும் புதிய கத்தரியாகும். எதிர்ப்பொருள் இல்லாவிட்டாலும் சி3 தானாகவே சிறிது சிறிதாக அவிழ்ந்துகொண்டிருக்கும். கிருமிமேல் ஒட்டிய சி3பி துண்டில் ‘பி’ காரணி வந்தமர, அதை ‘டி’ காரணி வெட்ட, இன்னொரு கத்தரி தயார். இப்படிப் பெருகும் கத்தரிகள் சி5-ஐயும் வெட்ட, கடைசியில் கிருமியின் சவ்வில் துளை விழும்.

நோய் தராத லெப்டோஸ்பைரா இனத்தை மனித இரத்தச் சீரத்தில் விட்டால் சில நிமிடங்களில் சாகிறது. நோய் தரும் இனமோ அதே சீரத்தில் பிழைக்கிறது. நொதிகளில் குறையில்லை. நம் செல்கள்மேல் சி3பி தவறி விழுந்தால், ‘எச்’ காரணியின் துணையோடு ‘ஐ’ காரணி அதை வெட்டிச் செயலிழக்க வைக்கும். நம்மைக் காக்கும் அந்த ‘எச்’ காரணியைக் கிருமி தன் மேற்புரதங்களால் பிடித்துப் போர்த்திக்கொள்கிறது. போதாதற்கு, சி3-ஐச் சிதைக்கும் நொதிகளையும் கக்குகிறது.

அப்படியானால் நொதிகளை முடுக்கிவிடலாமே என்று கேட்கலாம். சிடி55, சிடி59 ஆகிய தடுப்புப் புரதங்கள் இல்லாத சிவப்பணுக்களை இதே நிரப்புப் புரதங்கள் உடைத்துத் தள்ளும் அரிய நோய் ஒன்று உண்டு. அதற்கான மருந்தான எக்குலிசுமாப் செய்வது, சி5-ஐ வெட்டவிடாமல் தடுப்பதுதான். தடையில்லாத கத்தரி வீட்டுக்காரனையே வெட்டும். பலர் லேசான காய்ச்சலோடு தேறுகிறார்களே என்றால், அது உண்மைதான். எதிர்ப்பொருள் பெருகப் பெருகக் கிருமி இரத்தத்திலிருந்து விலகும். ஆனால் அதற்குச் சுமார் ஒரு வாரம் ஆகும். அதற்குள் சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் பாதிக்கப்படுபவர்களும் உண்டு.

ஆகவே பூட்ஸைக் கழற்றாதீர்கள், காயத்தை மூடிக்கொள்ளுங்கள். காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, தோட்டத்தில் வேலை என்பதைத்தான்.