ஒரே மரபணு, வேறு பழம்

செம்பருத்திக் கிளையை வெட்டி நட்டிருப்பீர்கள், தளிர்த்துவிடும். செம்பனையில் அது நடக்காது. கிளையே இல்லை, வளரும் நுனியும் ஒன்றுதான். விதை போட்டாலோ ஒவ்வொரு கன்றும் ஒரு விதம். நல்ல மரத்தை அப்படியே பெருக்கத் திசு வளர்ப்புதான் வழி. விரியாத குருத்திலையின் சிறு துண்டுகளைச் சத்தும் ஹார்மோனும் கலந்த ஊடகத்தில் வளர்க்கிறார்கள். உயிரணுத் திரள் உண்டாகி, அதிலிருந்து கருக்கள், பிறகு கன்றுகள்.

மரபணு ஒன்றென்றால் பழமும் ஒன்றாகத்தானே இருக்கவேண்டும்? 1980களில் அப்படி அமையவில்லை. நாற்றங்காலில் செழிப்பாக நின்ற கன்றுகள், நட்டு ஏறக்குறைய 3 ஆண்டுகள் கழித்துக் காய்த்தபோது, சில மரங்களின் பழங்களைச் சுற்றிக் கூடுதல் சதைமடல்கள் இருந்தன. எண்ணெய் குறைந்தது. அத்தனை ஆண்டு உரமும் உழைப்பும் வீண்.

காரணத்தை மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியமும் அமெரிக்க ஆய்வாளர்களும் 2015இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். பூவை உருவாக்கும் ஒரு மரபணுவுக்குள் 'கர்மா' என்ற தாவும் துண்டு ஒளிந்திருக்கிறது. (ஆம், நமக்குத் தெரிந்த அதே சொல்தான்!) அதன்மேல் மெத்தில் என்ற வேதிக்குறி ஒட்டியிருந்தால் நல்ல பழம். திசு வளர்ப்பின்போது அது உதிர்ந்தால், மகரந்தத்தாளுக்கு உரிய இடத்தில் சூலகம்போன்ற உறுப்பு வளர்கிறது. அதுவே அந்த மடல். டி.என்.ஏ.வில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை.

இன்று இலைத் துணுக்கு ஒன்றைச் சோதித்து, கெட்ட கன்றை நாற்றங்காலிலேயே கழித்துவிடலாம்.