போலிவிமானமும் மலைநாட்டு வானமும்

கண்டி மாநகருக்கு வடபால் பொல்கொல்லை என்னும் இடத்தில் மகாவலி கங்கையை மறித்துக் கட்டிய அணை 1976ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அவ்வணையினால் தேங்கிய நீர்ப்பரப்பு, மிதவை பூண்ட சிறுவிமானங்கள் வந்திறங்கும் தளமாகவும் பயன்பட்டு வந்துள்ளது. சூழக் குன்றுகள், நடுவே ஒடுங்கிய நீர். இத்தகைய இடத்தில் விமானத்தை இறக்குவோனுக்குக் கைப்பிழைக்கு இடமில்லை என்பது சொல்லாமலே விளங்கும். இன்று அவ்விறக்கத்தை வீட்டு மேசையின் முன் அமர்ந்து, உயிருக்கு ஊறின்றி, நூறு முறையேனும் பயிலக் கணினி வழிசெய்துள்ளது. பிளைட் சிமுலேற்றர் என வழங்கும் இப்போலிவிமானம் வெறும் விளையாட்டுப் பொருளாகவும் அமையலாம். கைக்கும் கண்ணுக்கும் உண்மைப் பயிற்சியாகவும் அமையலாம். இரண்டில் எதுவாகும் என்பது, கருவியைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினானா என்பதிலும், அதனை எவ்வாறு செப்பஞ் செய்தான் என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

போலிவிமானம் கணினிக்கும் முந்தியது. அமெரிக்காவின் பிங்காம்ரன் நகரில் தந்தையாரின் ஓகன் வாத்தியத் தொழிற்சாலையிற் பணியாற்றிய எட்வின் லிங்க் என்பார், அவ்வாத்தியத்துக்கு உரிய துருத்திகளைக் கொண்டே, உயரப் பறவாது நின்ற இடத்திற் சரிந்தும் திரும்பியும் ஆடும் சிறுவிமானம் ஒன்றை 1920களின் இறுதியில் அமைத்தார். முதலில் அது கேளிக்கைப் பூங்காக்களுக்கே விலைபோயிற்று. 1934இல் அமெரிக்கப் படையினர் வான்வழித் தபாற் சேவையை ஏற்று, மோசமான காலநிலையில் விமானிகள் பலரை இழந்த பின்னரே அதன் அருமை உணரப்பட்டது. அக்கருவியிற் கண்ணுக்கு விருந்தாகும் காட்சி எதுவுமில்லை. மூடிய கூட்டினுள் மானிகளின் முட்களும் கையசைவுக்கு உடனே இணங்கும் உடலசைவுமே இருந்தன. ஆயினும் இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகள் பல்லாயிரவர் அதிலேயே பயின்றனர். அழகினும் இணக்கமே பயிற்சிக்கு உயிர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ!

கணினியில் இவ்விணக்கம் எவ்வாறு கெடுகின்றது என்பதை நோக்குவாம். திரையில் அசையும் உலகம் உண்மையில் ஒன்றன்பின் ஒன்றாக வரையப்படும் அசைவற்ற படங்களின் தொடரே. செக்கனுக்கு 30 படங்கள் எனின், ஒவ்வொன்றையும் வரைய ஏறத்தாழ 33 மில்லிசெக்கனே உண்டு. மணிக்கு 80 கடல்மைல் வேகத்தில் இறங்கும் விமானம் ஒரு செக்கனில் 41 மீற்றர் செல்லும். ஆகவே ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அது கடப்பது ஒன்றரை மீற்றருக்கும் குறைவு. கணினி திணறி அரைச் செக்கன் நின்றுவிடின் 20 மீற்றர் காணாமற் போகும். அதனினும் தீயது யாதெனில், பயில்வோன் கைப்பிடியை அசைத்தும் படம் அசையாமை கண்டு மேலும் அசைப்பான். படம் வந்து சேரும்போது திருத்தம் மிகையாகிவிடும். அதனை மாற்ற எதிர்ப்புறம் இழுப்பான். இவ்வாறு ஊசலாடும் கை பின்னர் உண்மை விமானத்திலும் அப்பழக்கத்தையே கொண்டுசெல்லும். எக்ஸ்-பிளேன் என்னும் மென்பொருளிலோ, படங்களின் எண்ணிக்கை செக்கனுக்கு 20 அளவிற்குக் கீழே வீழ்ந்தால், காலமே மெதுவாக ஓடத் தொடங்கும். விமானத்தின் மீது செயற்படும் விசைகளைப் படத்துக்குப் படம் கணிப்பதால் அதற்கு வேறு வழியில்லை. அத்தகைய கணினியிற் பழகியவன் மெதுவாக ஓடும் கடிகாரத்தை நம்பிப் பழகியவனாவான்.

படம் ஒன்றை ஆக்க இருவர் உழைக்கின்றனர். புரொசெசர் விமானத்தின் இயக்கத்தையும், எங்கே எப்பொருள் உண்டு என்பதையும் கணிக்கும். கிராபிக்ஸ் அட்டை அவற்றைத் திரையில் தீட்டும். ஒருவர் பிந்தினால் மற்றவர் காத்து நிற்பார். ஆதலின், பிந்துபவர் யார் என்று அறியாமல் எதனையும் மாற்றுவது, நோயறியாது மருந்திடுவதை ஒக்கும். அறிவதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. திரையின் நுண்மையை 1920க்கு 1080 என்னும் அளவிலிருந்து 1280க்கு 720 ஆகக் குறைக்க வேண்டும். தீட்டவேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழாகும். படங்களின் எண்ணிக்கை உயர்ந்தால் பிந்தியது கிராபிக்ஸ் அட்டை, உயராவிடின் புரொசெசர். விலையுயர்ந்த அட்டை ஒன்றை வாங்கிப் பூட்டிய பின்னும் பயன் காணாது வருந்துவோர் பலர் இச்சோதனையைச் செய்யாதவரே.

அட்டை பிந்துமாயின் முகில்கள், நிழல்கள், நீரின் பிரதிபலிப்பு ஆகியவற்றின் நுட்பத்தைக் குறைக்கலாம். முகில்களே பெருஞ்சுமை. புரொசெசர் பிந்துமாயின் வீதியில் ஓடும் வாகனங்களையும் பிற விமானங்களையும் நீக்கலாம். அடுத்துப் பலரும் கைவைப்பது நிலத்தோற்றத்தின் நுட்பத்திலாகும். மைக்ரோசொப்ற் பிளைட் சிமுலேற்றரில் அதனைக் குறைத்தால் புரொசெசரின் சுமை வெகுவாக இறங்கும் என்பது மெய்யே. சமவெளியிற் பறப்போர் அவ்வாறு செய்வதிற் குற்றமில்லை. கண்டியிலோ தெற்கே ஹந்தானை மலைத்தொடர். கிழக்கே 1,800 மீற்றருக்கு மேலெழும் நக்கிள்ஸ் சிகரங்கள். நிலத்தின் நுட்பத்தைக் குறைக்குந்தோறும் தொலைவிலுள்ள மலைவரம்புகள் மழுங்கித் தோன்றி, அண்மிக்கும்போது உருமாறும். மரங்களை இழக்கலாம், மலையை இழத்தல் தகாது.

இது மிகையான அச்சமன்று. 1974 டிசெம்பர் 4ஆம் நாள், இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக் கட்டுநாயக்கவை நோக்கி இரவில் இறங்கிவந்த மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம், கண்டிக்குத் தெற்கே நோர்ட்டன் பிரிட்ஜ் அருகேயுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதியது. விமானத்திலிருந்த 191 பேரும் மாண்டனர். விமான நிலையத்துக்குத் தாம் எவ்வளவு அண்மையில் உள்ளோம் என்பதை விமானிகள் பிழைபடக் கொண்டமையே காரணம் எனக் காணப்பட்டது. மனத்திலுள்ள படமும் நிலத்திலுள்ள மலையும் ஒவ்வாதபோது நிகழ்வது அது. மலைநாட்டு வானிற் பயில்வோன் முதலிற் கற்கவேண்டியது மலை எங்குள்ளது என்பதையே. அதனை மழுக்கிக் காட்டும் கருவி எத்துணை விரைந்து ஓடினும் ஆவதென்ன?

2020இல் வெளிவந்த மேற்படி மென்பொருள், இரண்டு பெற்றாபைற்றுக்கு மேற்பட்ட உலகத் தரவினை இணையத்தின் வழியே வேண்டியபோது பெற்றுக்கொள்வது. இணைப்பு மந்தமாயின், அமைப்பு எவ்வளவு உயர்ந்திருப்பினும் மலை மழுங்கியே வரும். பறக்கும் பகுதியின் தரவை வன்வட்டில் முன்னரே சேமித்து வைக்கும் வசதி அதிலுண்டு. கண்டியைச் சுற்றியே பறப்போருக்கு அது பேருதவி. நினைவகம் 16 கிகாபைற் இருத்தல் நன்று. மடிக்கணினி மின்கலத்தில் ஓடும்போது வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் ஆதலால் மின்னிணைப்பிலேயே வைத்துப் பயில வேண்டும். (2022ஆம் ஆண்டின் நெடிய மின்வெட்டுக் காலத்தில் இதனைப் பலர் அறிந்திருப்பர்.) கண்டியின் காற்று கொழும்பினும் குளிர்ந்ததேயாயினும், விசிறியிற் புழுதி அடைந்தால் புரொசெசர் சூடேறித் தளரும். காசு செலவில்லாத திருத்தம் அப்புழுதியைத் துடைப்பதே.

படங்களின் எண்ணிக்கை 45க்கும் 25க்கும் இடையே தாவுமாயின், அதனை 30 என வரையறுத்து நிறுத்துவது மேல். எண்ணிக்கை குறைந்தாலும் சீர் கைகூடும். கை அச்சீரையே பற்றிக்கொள்ளும். இனி, மாற்றம் எதுவாயினும் ஒரு முறைக்கு ஒன்றே செய்து, ஒரே வழியிற் பறந்து பார்த்தல் வேண்டும். பொல்கொல்லை நீரிலிருந்து எழுந்து, மகாவலியின் வளைவுகளைத் தொடர்ந்து, 122 மீற்றர் உயர்ந்த விக்டோரியா அணைவரை சென்று மீளும் வழி இதற்கு ஏற்றது. நகரம், நீர், மலை மூன்றும் அதில் உண்டு. முகிலும் நேரமும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கும்படி அமைத்து, எவ்விடத்திற் படம் திணறியது என்பதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட பின்னரே அடுத்த மாற்றத்துக்குச் செல்லலாம்.